டக்ட் அளவு போடுவது எப்படி: காற்றளவு, வேகம், பீமுக்குக் கீழே இருக்கும் இடம்

“அண்ணே, பீம் இடிக்குது. பக்கத்துல கேபிள் ட்ரே வேற ஓடுது. 300க்கு 200ன்னு பண்ணி நுழைச்சிடட்டுமா?”

ஃபோர்மேன் போனில் கேட்டபோது நான் எம்ஆர்டியில் நின்றுகொண்டிருந்தேன். டிராயிங்கில் நான் போட்டிருந்த டக்ட், அதாவது காற்று ஓடும் தகடுக் குழாய், 350×350 மில்லிமீட்டர். “சரி, பண்ணுங்க” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு உணவகத்தின் சமையலறை எக்ஸாஸ்ட் அது, புகையை வெளியே தள்ளும் வழி. கடை திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, முதலாளி கூப்பிட்டார். “ஃபேன் சத்தம் மட்டும் நல்லா கேக்குது தம்பி, புகைதான் போக மாட்டேங்குது.” உள்ளே மிளகாய் தாளித்தால் வெளியே சாப்பிடுகிறவர்கள் வரிசையாக இருமினார்கள்.

அந்த போனை வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால் போதும். இந்த வழிகாட்டி அந்த ஒரு வகுத்தலைப் பற்றியதுதான். ஏசிஎம்வி, அதாவது ஏசியும் காற்றோட்டமும் போடும் கம்பெனிகளில் சூப்பர்வைசராக, டிராஃப்டராக, கொட்டேஷன் போடுகிறவராக வேலை பார்க்கும் நம்மவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இதில் வருவது மதிப்பீட்டுக் கணக்கு. அரசுக்குப் போகும் டிராயிங்கில் கையெழுத்துப் போடுவது பிஇ, அதாவது பதிவுபெற்ற பொறியாளர். ஆனால் அவர் போட்ட அளவை சைட்டில் நாம் கெடுக்காமல் இருக்க இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் யூனிட்

சிங்கப்பூர் டிராயிங்குகளில் காற்றளவு பெரும்பாலும் சிஎம்எச் என்றோ, வினாடிக்கு இத்தனை லிட்டர் என்றோ இருக்கும். சிஎம்எச் என்றால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கன மீட்டர். அமெரிக்க ஃபேன் கேட்டலாக்கைத் திறந்தால் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்குக் கன அடி. மூன்றையும் இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

1 கன மீட்டர்/வினாடி = 1,000 லிட்டர்/வினாடி = 3,600 சிஎம்எச்
1 சிஎஃப்எம் = சுமார் 1.7 சிஎம்எச்

இந்த 1.7-ஐ அலட்சியமாக விடக் கூடாது. 2,000 சிஎஃப்எம் என்று கேட்டலாக்கில் இருப்பதை 2,000 சிஎம்எச் என்று படித்து டக்ட் போட்டால், தேவையான பரப்பில் அறுபது சதவீதம்கூட வராது. ஃபேன் நேம்பிளேட்டில் எண்ணுக்கு அப்புறம் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். எண் எல்லாருக்கும் கண்ணில் படும், எழுத்து படாது.

எவ்வளவு காற்று வேண்டும்?

ஏசி காற்று என்றால் அறையின் வெப்பச் சுமையிலிருந்து அளவு வரும். அது தனிக் கணக்கு, பெரும்பாலும் டிராயிங்கிலேயே இருக்கும். எக்ஸாஸ்டுக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, காற்றுமாற்றம். அறையின் கன அளவை, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை காற்று மாற வேண்டுமோ அந்த எண்ணால் பெருக்குவது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரமுள்ள டாய்லெட் என்றால் 33.6 கன மீட்டர். 15 முறை மாற வேண்டும் என்று ஸ்பெக் சொன்னால் 33.6 × 15 = 504 சிஎம்எச். எத்தனை முறை என்பதை உங்கள் ஊகத்தில் போடாதீர்கள். இங்கே ஏசிக்கும் வென்டிலேஷனுக்கும் எஸ்எஸ் 553 என்ற தரநிலை இருக்கிறது, அதோடு அந்தந்த புராஜெக்ட்டின் ஸ்பெக்கும் இருக்கிறது. அங்கிருந்து எடுங்கள்.

இன்னொன்று, சமையலறை ஹூட், அதாவது அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் கூண்டு. இதற்கு அறையின் அளவை விட ஹூட்டின் வாய் முக்கியம். நான் சொன்ன கடையில் ஹூட் 2.4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஹூட் வாயில் காற்று வினாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் உள்ளே இழுக்கப்பட வேண்டும் என்று எடுத்திருந்தோம். 2.4 × 1 × 0.4 = 0.96 கன மீட்டர்/வினாடி, அதாவது 3,456 சிஎம்எச். 3,500 என்று வைத்துக்கொண்டோம். பெரிய வோக், கரி அடுப்பு இருந்தால் 0.4 போதாது.

வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இருக்கிறதா என்று இந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். 3,500 வெளியே போகிறது, உள்ளே வர ஒன்றுமில்லை என்றால், சாப்பிடும் இடத்தின் ஏசி காற்றைத்தான் சமையலறை குடிக்கும். வாசல் கதவைத் திறக்கவே இழுபறியாக இருக்கும்.

வேகம்: உண்மையான முடிவு இதுதான்

பரப்பு = காற்றளவு ÷ வேகம் என்ற சூத்திரத்தில் காற்றளவு உங்கள் கையில் இல்லை. பரப்பு விடையாக வருவது. நீங்கள் தேர்ந்தெடுப்பது வேகத்தை மட்டும்தான். நான் கையில் வைத்திருக்கும் எண்கள், வினாடிக்கு மீட்டரில்:

- ஆபீஸ், கடைகளின் மெயின் டக்ட்: 5 முதல் 7
- கிளை டக்ட்: 3 முதல் 5
- டிஃப்யூசருக்கு (காற்று அறைக்குள் இறங்கும் வாய்) போகும் ஃப்ளெக்சிபிள் (வளையும் குழாய்): 2.5 முதல் 3
- டாய்லெட் எக்ஸாஸ்ட்: 4 முதல் 6
- சமையலறை எக்ஸாஸ்ட்: 7 முதல் 9
- வெளிக்காற்று லூவர் (சாய்ந்த தகடுகள் வைத்த காற்று வாய்): 2 முதல் 2.5
- மரத்தூள் இழுக்கும் டக்ட்: 18 முதல் 20

ஏன் ஆளுக்கு ஒரு வேகம்? ஆபீஸில் பிரச்சினை சத்தம். வேகம் இரட்டிப்பானால் டக்ட் வளைவுகளிலும் டேம்பரிலும் (காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்புத் தகடு) எழும் சத்தம் 15 டெசிபலுக்கு மேல் ஏறும். மீட்டிங் அறைக்கு மேலே 8 மீட்டர் வேகத்தில் கிளை ஓட்டினால் உள்ளே பேசுகிறவர் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். லூவரில் பிரச்சினை மழை. நம் ஊர் மத்தியான மழைக்கு, 2.5-க்கு மேல் இழுக்கும் லூவர் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். சுங்கை காடுட் பக்கத்து மரப் பட்டறைகளில் கதை தலைகீழ். அங்கே வேகம் குறைந்தால்தான் ஆபத்து, தூள் டக்ட்டுக்குள்ளேயே படிந்துவிடும்.

சமையலறை இரண்டுக்கும் நடுவில். மெதுவாகப் போனால் எண்ணெய்ப் பிசுக்கு படியும் என்ற எண்ணத்தில் ஒரு காலத்தில் குறைந்தபட்ச வேகத்தை உயரத்தில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 96 தரநிலையில் அது நிமிடத்துக்கு 1,500 அடியாக இருந்தது, அதாவது வினாடிக்கு 7.6 மீட்டர். பின்னால் அதை 500 அடியாக, 2.54 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் நான் 8-லேயே நிற்கிறேன். காரணம் பிசுக்கு இல்லை, இடம். கடைவீட்டில் 3 மீட்டர் வேகத்துக்கு டக்ட் போட்டால் அதற்குள் ஆள் படுத்துத் தூங்கலாம்.

பரப்பு: 278 என்ற எண்

பரப்பு = காற்றளவு ÷ வேகம். கன மீட்டர்/வினாடியை மீட்டர்/வினாடியால் வகுத்தால் சதுர மீட்டர் வரும். சைட்டில் நாம் பேசுவது மில்லிமீட்டரில், டிராயிங் சிஎம்எச்சில். அதனால் எல்லா மாற்றத்தையும் ஒரே எண்ணில் அடக்கிவிடலாம்:

டக்ட் அகலம் × உயரம் (மில்லிமீட்டரில்) = சிஎம்எச் × 278 ÷ வேகம்

பத்து லட்சத்தை 3,600-ஆல் வகுத்தால் வருவதுதான் 278. டிராயிங் லிட்டரில் இருந்தால் இன்னும் சுலபம், 278-க்குப் பதில் 1,000.

டாய்லெட்: 504 × 278 ÷ 5 = சுமார் 28,000. 200×150 போட்டால் 30,000, போதும். வட்ட டக்ட் என்றால் 200 விட்டம், பரப்பு சுமார் 31,400.

சமையலறை: 3,500 × 278 ÷ 8 = சுமார் 1,21,600. சதுரமாக 350×350 போட்டால் 1,22,500. டிராயிங்கில் நான் போட்டது இதைத்தான்.

அளவை 50 மில்லிமீட்டர் படிகளில் மேல்நோக்கித் திருத்துங்கள். திருத்திய பிறகு வேகத்தை ஒரு முறை திரும்பக் கணக்கிட்டு டிராயிங் ஓரத்தில் எழுதி வையுங்கள்:

உண்மை வேகம் = சிஎம்எச் × 278 ÷ (அகலம் × உயரம்)

நான் எம்ஆர்டியில் போடாமல் விட்ட வகுத்தல் இது. 3,500 × 278 ÷ (300 × 200) = 16.2. எட்டுக்குப் போட்ட இடத்தில் பதினாறு. போன் கால்குலேட்டரில் பத்து வினாடி வேலை.

உயரத்தை டேப் சொல்லட்டும்

சதுர டக்ட் கணக்குக்கு அழகு. கட்டடத்துக்கு அது ஒத்துவருவது அபூர்வம். எனவே பரப்பு கிடைத்ததும் அகலம், உயரம் பிரிக்காதீர்கள். முதலில் சைட்டுக்குப் போய் ஆகத் தாழ்வான பீமைக் கண்டுபிடித்து, அதன் அடியிலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை டேப் பிடியுங்கள். எங்கள் கடையில் அது 380 மில்லிமீட்டர். 380 முழுவதும் டக்ட்டுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சமையலறை டக்ட்டுக்குத் தீ காக்கும் உறை மேலே 50, கீழே 50. தாங்கும் பிராக்கெட்டுக்கு 30. மிச்சம் 250. நான் போட்ட 350 அங்கே நுழைந்திருக்கவே முடியாது. ஃபோர்மேன் மேல் தப்பில்லை, டேப் பிடிக்காமல் அளவு போட்டது நான்.

ஏசி டக்ட்டிலும் இதே கதைதான். இங்கே வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும், டக்ட்டுக்குள் ஓடுவதோ 13, 14 டிகிரிக் காற்று. இன்சுலேஷன் கொஞ்சம் நசுங்கினாலும் அந்த இடம் வியர்த்து, சீலிங் போர்டில் மஞ்சள் வட்டம் விழும். பீமுக்கும் டக்ட்டுக்கும் நடுவே இன்சுலேஷனை அமுக்கி நுழைக்கிற டக்ட், அளவு சரியாக இருந்தாலும் தப்பான டக்ட்தான். இன்சுலேஷன் உள்பக்கம் ஒட்டுவதாக இருந்தால் கணக்கே மாறும். 500×300 டக்ட்டில் 25 மில்லிமீட்டர் லைனிங் ஒட்டினால் காற்றுக்குக் கிடைப்பது 450×250. பரப்பில் கால் பங்கு போய்விட்டது. அதனால் டிராயிங்கில் உள்ளது உள்ளளவா வெளியளவா என்று கேளுங்கள்.

உயரம் 250 என்று தெரிந்துவிட்டால் அகலம் தானாக வரும்: 1,21,600 ÷ 250 = 486. எனவே 500×250, வேகம் 7.8. பிறகு நாங்கள் செய்தது இதைத்தான். கேபிள் ட்ரேயைப் பக்கவாட்டில் நகர்த்த எலக்ட்ரீஷியனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

தட்டையாக்கினால் என்ன விலை?

பரப்பு ஒன்றாக இருந்தால் எந்த வடிவமும் சமம் என்று நினைப்பது சைட்டில் அதிகம் பார்க்கும் தவறு. காற்று உரசுவது டக்ட்டின் சுவரில். டக்ட் தட்டையாகத் தட்டையாகச் சுவர் கூடும். இதை ஒப்பிடச் சமான விட்டம் என்று ஒன்று உண்டு, அதே காற்றை அதே உரசலில் கொண்டுபோகும் வட்ட டக்ட்டின் விட்டம். எங்கள் மூன்று வாய்ப்புகளுக்கு அது இப்படி வரும்:

350×350: 383 மில்லிமீட்டர்
500×250: 381 மில்லிமீட்டர்
800×150: 350 மில்லிமீட்டர்

முதல் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, தாராளமாக மாற்றலாம். மூன்றாவதற்கும் பரப்பு ஏறக்குறைய அதேதான். ஆனால் உரசல் விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிராக மாறும் என்பதால், 500×250-ஐ விட ஒன்றரை மடங்கு இழப்பு. தகடும் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மீட்டருக்குப் பதில் 1.9 பிடிக்கும். போதாக்குறைக்கு 800 அகலத் தகடு ஃபேன் ஓடும்போது தகர டப்பா மாதிரி படபடக்கும். அகலம் உயரத்தைப் போல 4 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. சமையலறையில் நான் 2 மடங்கோடு நின்றுவிடுவேன், தட்டையான அடியில் எண்ணெய் தேங்குவதால்.

மெயின் டக்ட்டைப் படிப்படியாகக் குறைப்பது

ஏசி சப்ளை டக்ட்டில் வழியெல்லாம் கிளை பிரியும். ஒவ்வொரு கிளைக்கு அப்புறமும் காற்று குறைவதால் டக்ட்டும் குறைய வேண்டும். ஒரு சின்ன ஆபீஸ்: தலா 900 சிஎம்எச் வேண்டிய மூன்று அறைகள், கடைசியில் 1,800 வேண்டிய திறந்த ஹால். மொத்தம் 4,500. உயரம் 300-ஐ மாற்றாமல் அகலத்தை மட்டும் குறைத்துக்கொண்டு போகலாம்.

4,500 சிஎம்எச், 6 மீட்டர் வேகம்: 700×300
முதல் அறை பிரிந்த பின் 3,600, 5.6 மீட்டர்: 600×300
இரண்டாவது பிரிந்த பின் 2,700, 5 மீட்டர்: 500×300
மூன்றாவது பிரிந்த பின் 1,800, 4.5 மீட்டர்: 400×300

ஒவ்வொரு அறையின் கிளையும் 900 × 278 ÷ 4 = 62,550, அதாவது 250×250. அறைக்கு இரண்டு டிஃப்யூசர் என்றால் ஒவ்வொன்றுக்கும் 450, 250 விட்டத்து ஃப்ளெக்சிபிள், வேகம் 2.5 சொச்சம். வேகம் போகப் போக இறங்குவதைக் கவனியுங்கள். கடைசி அறைக்குக் காற்று போய்ச் சேர்வதற்கும், சத்தம் அடங்குவதற்கும் இது உதவும். உயரத்தை ஒரே அளவாக வைத்தால் ரெடியூசர் (டக்ட் அளவைக் குறைக்கும் இணைப்பு) செய்கிறவருக்கும் வேலை சுலபம், ஹேங்கர் மட்டமும் மாறாது.

வளைவுகளை எண்ணுங்கள்

நீளத்தைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள், வளைவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கணக்கைப் பாருங்கள். ஓடும் காற்றின் வேக அழுத்தம், பாஸ்கலில், 0.6 × வேகம் × வேகம். 7.8 மீட்டரில் அது சுமார் 36 பாஸ்கல். எங்கள் 500×250 டக்ட்டில் நேர் ஓட்டத்துக்கு மீட்டருக்கு 2 பாஸ்கல் போகும், 12 மீட்டருக்கு 24 பாஸ்கல். மடித்து ஒட்டிய கூர்மையான 90 டிகிரி எல்போ ஒன்று வேக அழுத்தத்தைப் போல 1.2 மடங்கு தின்னும்: 44 பாஸ்கல். ஒரே ஒரு எல்போ, 12 மீட்டர் நேர் டக்ட்டை விட அதிகம்! அதையே நல்ல ஆரத்தோடு வளைத்துச் செய்தால் 9 பாஸ்கலில் முடிந்துவிடும். ஏசி டக்ட்டில் கூர் எல்போவுக்குள் திருப்பு தகடுகள் வைத்துச் சமாளிக்கலாம். சமையலறையில் அந்தத் தகடுகளில் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்பில் நம் இஷ்டத்துக்கு டக்ட்டை நீட்ட முடியாது, பின் சந்துப் பக்கம்தான் வழி. அதனால் இங்குள்ள கடைவீடுகளில் மூன்று எல்போ என்பது மிகக் குறைவு. சமையலறை எக்ஸாஸ்டுக்குத் தீயணைப்பு விதிகளும் உண்டு. அந்த டக்ட் மற்ற இடங்களின் டக்ட்டோடு சேராமல் தனியாக ஓட வேண்டும், அதில் ஃபயர் டேம்பர் (தீ வந்தால் மூடிக்கொள்ளும் தடுப்பு) வைக்கக் கூடாது. பக்கத்திலேயே டாய்லெட் டக்ட் போகிறதே, சேர்த்துவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

ஃபேனை மாற்றினால் சரியாகிவிடுமா?

முதலாளி முதலில் கேட்டது இதைத்தான். அந்த 300×200 டக்ட்டில் துளை போட்டு, காற்று வேகத்தை அளக்கும் அனிமாமீட்டரை வைத்துப் பல புள்ளிகளில் அளந்தேன். சராசரி 9 மீட்டர். 9 × 60,000 ÷ 278 = சுமார் 1,940 சிஎம்எச். தேவை 3,500. பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அதே டக்ட்டில் காற்றை 1.8 மடங்கு ஆக்க வேண்டும் என்றால் அழுத்தம் அதன் இருபடி, 3.2 மடங்கு. மோட்டார் சக்தி முப்படி, கிட்டத்தட்ட 5.8 மடங்கு. அங்கே இருந்தது 0.75 கிலோவாட் மோட்டார். அது 4.4 கிலோவாட் ஆக வேண்டும். மின்கட்டணம் மாதாமாதம், சத்தமோ மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு ராத்திரி பகலாக. இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் முதலாளி ஒன்றும் பேசவில்லை. டக்ட்டை மாற்றும் செலவு யாருடையது என்று மட்டும் கேட்டார். என்னுடையது என்றேன்.

அளப்பது

டக்ட் போட்ட பிறகு அளக்காமல் வராதீர்கள். நடுவில் ஒரே புள்ளியில் அளந்தால் எண் பெரிதாகக் காட்டும், சுவரோரம் காற்று மெதுவாகப் போவதால். செவ்வக டக்ட்டில் பரப்பைச் சம கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளந்து சராசரி எடுங்கள். 16 முதல் 25 புள்ளி வந்தால் நல்லது. எல்போவுக்கு உடனே அடுத்து அளக்க வேண்டாம். முடிந்தவரை நீளமான நேர் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் அளங்கள். அளந்து முடித்ததும் துளைகளை மூட மறக்காதீர்கள், சமையலறை டக்ட்டில் துளை வழியாக எண்ணெய் சொட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடை அடைத்த பிறகு பழையதைக் கழற்றி 500×250-ஐ ஏற்றினோம். கூர் எல்போ மூன்றும் போய் ஆர எல்போ வந்தது. விடிகாலை 5 மணிக்கு அளந்தபோது சராசரி 7.5. 1,25,000 × 7.5 ÷ 278 = 3,370 சிஎம்எச். கேட்டதில் 96 சதவீதம். சமையல்காரர் வந்து அடுப்பைப் பற்றவைத்து, சோதித்துப் பார்க்கட்டும் என்று ஒரு கை நிறைய வரமிளகாயைச் சூடான எண்ணெயில் போட்டார். ஃபோர்மேன் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கையை உயர்த்தி ஆட்டினார், இருமவில்லை.